தோட்டத்துச் சாட்சிக்கும் உசாத்துணையில் இடம் கொடுங்கள்

தமிழ்மொழி மூல ஆய்வுகளை வழிநடத்தும் விரிவுரையாளர்களுக்கும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகள் இப்போது தங்கள் தோட்டங்களைப் பற்றியே ஆய்வு எழுதுகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில் உள்ள உசாத்துணைப் பட்டியலைப் புரட்டினால் நூல்கள், அறிக்கைகள், இணையத்தளங்கள் மட்டும்தான். இந்திய வம்சாவளித் தோட்டச் சனத்தை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அண்ணன் இந்தியாவுக்கும் தங்கை இங்கேயுமாகப் பிரிந்த கதையை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்காகச் சொன்ன பாட்டி அங்கே இல்லை. உள்ளே “ஒரு மூதாட்டி கூறினார்” என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

கேட்டால், சான்று காட்டும் ஏபிஏ (APA) முறை அப்படித்தான் என்கிறார்கள். உண்மைதான், வாசகர் தேடி எடுக்க முடியாத நேர்காணலை அது பட்டியலில் சேர்ப்பதில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த முறை அது. பேட்டி கொடுத்தவரின் அடையாளத்தைக் காப்பது அந்தத் துறையில் பெரிய விஷயம். நவீன மொழிச் சங்கத்தின் எம்எல்ஏ (MLA) முறையிலோ நேர்காணல் பட்டியலில் தாராளமாக வரலாம். ஏன், ஒலிப்பதிவு ஒரு காப்பகத்தில் இருந்தால் ஏபிஏயும் அதைச் சேர்க்க விடுகிறது. வழி இருக்கிறது, நாம்தான் திறக்கவில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் முன்னோர் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. காட்ட முடியாமல் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். அந்தச் சனத்தின் வரலாற்றை எழுதும்போதும் அச்சில் வந்ததுதான் சாட்சி என்று சொன்னால் எனக்கு மனசு ஆறவில்லை.

உசாத்துணையில் ‘வாய்மொழிச் சான்றுகள்’ என்று ஒரு பிரிவு போதும். சொன்னவர் பெயர், வயது, செய்த வேலை, தோட்டமும் அதன் உட்பிரிவான டிவிசனும், நேர்கண்ட நாள், ஒலிப்பதிவு இருக்கும் இடம். தோட்டத்துக்குப் பதிவில் ஒரு பெயர், சனம் சொல்ல ஒரு பெயர் என்றிருந்தால் இரண்டையும் போடச் சொல்லுங்கள். பின்னால் தேடி வருபவருக்கு அதுதான் உதவும். காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்பதை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடலாமா என்று அவரிடமே கேட்க வேண்டும். இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பவர் நிர்வாகத்தைப் பற்றிப் பேசியிருந்தால் பெயரை மறைப்பதுதான் நியாயம். ஒரு குறியீட்டு எண் கொடுக்கலாம். ஆனால் “என் பேரைப் போடு புள்ள” என்று சொல்கிறவரின் பெயரை வெட்ட நமக்கு உரிமை இல்லை.

ஒலிப்பதிவின் பிரதியைப் பல்கலைக்கழக நூலகம் வாங்கி வைக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். மாணவரின் போன் பழுதானால் அந்தக் குரலும் போய்விடும். அடுத்த ஆய்வுக் கையேட்டை அச்சுக்கு அனுப்பும் முன்பே இந்தப் பிரிவைச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை