பக்கக் கதவில் தொங்கும் சங்கிலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் முப்பது வருடத்துக்கு மேல் கதவும் பூட்டும் மாட்டிப் பிழைத்தவன் நான். போன சனிக்கிழமை பேத்தியைத் தமிழ் வகுப்பிலிருந்து கூட்டி வரப் போனேன். வகுப்பு நடப்பது ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில். கீழே பக்கக் கதவுக்கு மேல் அவசர வழி என்று பச்சைப் பலகை. அதற்கு நேர் கீழே தடித்த சங்கிலி, அதில் ஒரு பூட்டு. "இது திறக்காது தாத்தா, நாங்க முன்வாசல்லதான் போவோம்" என்றாள் பேத்தி. சாவி காவலாளியிடம் இருக்கிறதாம். அவர் ரொட்டி வாங்கப் போயிருந்தார். மாடியில் நாற்பது பிள்ளைகள்.

சங்கிலி போட்டவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. செம்புக் கம்பியும் கணினியும் களவு போவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். 2021 ஜூலையில் இங்கே கடைகளைச் சூறையாடிய கலவரத்துக்குப் பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. ஆனால் 2000 மார்ச் 24ஐ நம் ஊர் மறந்துவிட்டதா? இதே சாட்ஸ்வொர்த்தில், பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த ஒரு நடன விடுதிக்குள் யாரோ கண்ணீர்ப்புகைக் குப்பியை வீச, வெளியே ஓடிய நெரிசலில் 13 பிள்ளைகள் செத்துப்போனார்கள். அந்த வாரம் நான் வேலைக்கே போகவில்லை.

என் தொழிலில் பேனிக் பார் என்று ஒன்று உண்டு. கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு பட்டை. உடம்பு மோதினாலே தாழ் விலகி, கதவு வெளிப்பக்கம் திறந்துவிடும். 1883இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து ஊரில் ஒரு அரங்கத்தின் படிக்கட்டு அடியில், உள்நோக்கித் திறக்கும் கதவை ஒரு ஆள் நுழையும் அளவு மட்டும் விட்டுத் தாழிட்டிருந்தார்கள். 183 பிள்ளைகள் அங்கே நசுங்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் இப்படித் தள்ளித் திறக்கும் தாழ்ப்பாளைச் செய்து 1892இல் காப்புரிமை வாங்கினார்.

பேனிக் பார் போட்டால் திருடன் வருவான் என்கிறார்கள். வெளிப்பக்கம் கைப்பிடியும் வேண்டாம், சாவித் துவாரமும் வேண்டாம். வழவழவென்று இரும்புத் தகடு மட்டும் போதும். அவன் எதைப் பிடித்து இழுப்பான்? கவனிக்க வேண்டியது கீல். வெளியே திறக்கும் கதவுக்குக் கீலும் வெளியேதான் இருக்கும். ஆணியைத் தட்டிக் கழற்றிவிடுவான். அதனால் கீல் பக்கம் இரண்டு முளைகள் வைத்து, கதவு மூடியதும் அவை நிலைக்குள் போய் உட்காரும்படி செய்ய வேண்டும். இந்தச் சின்ன வேலையை விட்டுவிட்டுத்தான் பலரும் திரும்பச் சங்கிலிக்கே போகிறார்கள். பிள்ளைகள் விளையாட்டாகத் திறப்பார்கள் என்றால், திறந்தவுடன் அலறும் மணியோடும் பேனிக் பார் கிடைக்கிறது.

மின்காந்தப் பூட்டு வாங்குகிறவர்கள் லோட்ஷெடிங் மின்வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் அது விட்டுவிடும். பேட்டரி வைத்தால் விடாது. அப்படியானால் தீ எச்சரிக்கை மணியோடு அதை இணைத்து, கதவுப் பக்கத்திலேயே உடைத்துத் திறக்கும் பச்சைப் பெட்டியும் வைக்க வேண்டும்.

வகுப்பறைக்கு, வெளியே சாவியும் உள்ளே எப்போதும் திரும்பும் கைப்பிடியும் உள்ள பூட்டு போதும். அந்நியன் வந்தால் ஆசிரியர் பூட்டிக்கொள்ளலாம், உள்ளே இருப்பவர் யாரும் அடைபட மாட்டார்கள். உள்பக்கமும் சாவி கேட்கும் பூட்டைப் பள்ளிக்கூடத்தில் மாட்டவே கூடாது. தாழ்வார இரும்புக் கேட்டை வகுப்பு நேரத்தில் திறந்த நிலையில் சுவரோடு சேர்த்து, அந்தக் கேட்டின் பூட்டாலேயே பூட்டி வையுங்கள். யாரும் மறந்து சாத்த முடியாது.

நிர்வாகக் குழுவிடம் பேசிவிட்டேன். பேனிக் பார் வாங்கித் தந்தால் கூலி இல்லாமல் நானே மாட்டித் தருகிறேன். டிரில்லும் உளியும் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன. அதுவரை சனிக்கிழமை காலையில் காவலாளியிடம் சாவி வாங்கிச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, வகுப்பு முடியும்வரை அந்தக் கதவுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கதவு வேலைக்காரர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்