எத்தனை அடி அடிச்சாத் தண்ணி வருது?

முலாஞ்சே, மலாவி
14 ஜூலை 2024, ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன். போன்ல பேசினா அம்மா நீ அழுதுடற. அப்பா நீங்க "சரி சரி"ன்னு அம்மா கையில குடுத்துடறீங்க. அதனாலதான் உக்காந்து எழுதறேன். இந்த வாரம் ஊருக்குத் திரும்பற நம்ம ஊழியக் குழு அண்ணன் கையில குடுத்து விடறேன்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் சேலம் ஜங்ஷனை விட்டுக் கிளம்பினப்ப அப்பா ஜன்னலோட கூடவே நடந்து வந்தீங்க. மூணு மாசமா "கையில வேலை இருக்கறப்ப எதுக்குடா ஊழியம்"னு கேட்டவரு, அன்னிக்கு "ரேஞ்சை எடுத்துக்கிட்டியா?"ன்னு மட்டும்தான் கேட்டீங்க. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, தலையை மட்டும் ஆட்டினேன். நீங்க அடிபம்பு பழுது பார்க்கற அந்த 14 இன்ச் பைப் ரேஞ்சை மெட்ராஸ் ஏர்போர்ட்ல கைப்பையில விடமாட்டேன்னுட்டாங்க. திரும்ப ஓடி, பெரிய பெட்டியைத் திறந்து, வேட்டியில சுத்தி உள்ள வச்சேன். பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு.

மும்பை வரைக்கும் ஒரு விமானம், அங்கிருந்து அடிஸ் அபாபா, அப்புறம் பிளான்டையர். அடிஸ் அபாபா ஏர்போர்ட்டே 2,300 மீட்டர் உசரத்துல இருக்கு, ஏற்காட்டை விட எண்ணூறு மீட்டர் ஜாஸ்தி. கதவைத் திறந்ததும் முகத்துல குளிர் அடிச்சுது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போட்ட மஞ்சக் காய்ச்சல் ஊசிக்குக் குடுத்தாங்களே, அந்த மஞ்ச அட்டையைப் பாஸ்போர்ட்டோட கேட்டு வாங்கிப் பார்த்தாங்க. வேற தொந்தரவு ஒண்ணும் இல்லை.

இந்த பிளான்டையர்ங்கறது, மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் ஸ்காட்லாந்துல பிறந்த ஊரோட பேரை வச்ச ஊரு. அவரை முதல்ல ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினது லண்டன் மிஷன், 1827ல நம்ம சேலத்துல ஊழியம் தொடங்கின அதே மிஷன்தான். இதை எங்க போதகர் ஐயர் வண்டியில சொன்னப்ப எனக்கு உன் நெனப்புதாம்மா வந்துச்சு. லிவிங்ஸ்டன் 1840 டிசம்பர்ல கப்பல் ஏறி, கேப் டவுனுக்கு வர்றதுக்கு மறு வருசம் மார்ச் ஆயிடுச்சாம். நான் மூணாம் நாளே உன்கிட்ட போன்ல பேசிட்டேன். கப்பல் ஏறி நம்ம சேலத்துக்கு வந்த மிஷனரிங்களுக்கும் வீட்டுல அம்மா இருந்திருப்பாங்க. கடுதாசிக்கு எத்தனை மாசம் காத்துக் கிடந்தாங்களோ.

பிளான்டையர்ல இருந்து வர்ற வழியெல்லாம் தேயிலைத் தோட்டம். நடுவுல நம்ம ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துல நிக்கற அதே சில்வர் ஓக் மரம். மிளகுக் கொடிதான் இல்லை. முலாஞ்சே மலை சமவெளியில இருந்து நேரா செவுரு மாதிரி எழும்பி நிக்குது. உச்சி 3,002 மீட்டர். நம்ம மொட்டைமாடியில நின்னா தெரியற சேர்வராயன் மலையைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இப்ப இங்க குளிர்காலம். மலையையே மறைச்சுக்கிட்டு நாள்கணக்குல பனிமூட்டமும் தூத்தலும். இதுக்கு 'சிப்பெரோனி'ன்னு பேரு வச்சிருக்காங்க. வேண்டாம்னு சொன்ன ஸ்வெட்டரைத் திணிச்சு வச்சியேம்மா, அதைப் போட்டுக்கிட்டுத்தான் எழுதறேன்.

சாப்பாட்டைப் பத்திக் கவலைப்படாதே. இங்க 'ன்சிமா'தான் சோறு. வெள்ளைச் சோள மாவை (நம்ம மக்காச்சோளம்) கொதிக்கிற தண்ணியில போட்டு மரத்துடுப்பால கிண்டறாங்க. அம்மாயி ராகிக்களி கிண்டற அதே கை, அதே மூச்சு வாங்கறது. கீரையோ பீன்ஸோ சின்ன மீனோ தொட்டுக்க இருக்கும். காலையில வேகவச்ச குச்சிக்கிழங்கு. சாப்பிடறதுக்கு முன்னாடி வீட்டுல சின்னவங்க சொம்போட வந்து விருந்தாளி கையில தண்ணி ஊத்துவாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த வருசம் மழை பொய்ச்சு சோளம் கருகிப் போச்சு. மார்ச்சுல 28 மாவட்டத்துல 23 மாவட்டத்தைப் பேரிடர்னு அரசாங்கமே அறிவிச்சுது. அப்படிப்பட்ட வருசத்துல, ஒரு வேளைதான் உலை வைக்கிற வீட்டுல என் தட்டுல மூணு உருண்டை வச்சாங்க. ஒண்ணை எடுத்துத் திருப்பி வச்சேன். அந்த அம்மா முகம் வாடிப் போச்சு. ஐயர் மெதுவா, "சாப்பிடு தம்பி, வேண்டாம்னு சொல்றது இங்க அவமானம்"னாரு. சாப்பிட்டேன். அன்னிக்கு ராத்திரி ஜெபத்துல எனக்கு வார்த்தையே வரலை.

அப்பா, இனி எழுதறது உங்களுக்கு.

போன வருசம் மார்ச்சுல ஃப்ரெடி புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டுடுச்சு. மலையில இருந்து சேறும் பாறையும் சேர்ந்து இறங்கி ஊரையே மூடியிருக்கு. நிறைய போர்வெல்லுக்குள்ளயும் சேத்துத் தண்ணி போயிடுச்சு. அந்த அடிபம்புகளை ஊர்க்காரங்களோட சேர்ந்து சரிபண்றதுதான் எங்க வேலை. இங்க நம்ம இந்தியா மார்க் 2 இல்லீங்க, 'ஆஃப்ரிடெவ்'னு வேற பம்பு. ரேஞ்சுக்கு வேலையே இல்லை! இரும்புக் குழாயைச் சங்கிலி போட்டுத் தூக்க வேண்டியதில்லை. பைப்பு பிளாஸ்டிக், அது உள்ளேயே நிக்கும். ராடுகளைக் கொக்கி மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டியிருக்கு. ஒரே ஸ்பேனர்ல தலையைக் கழட்டி, ராடை உருவினா வாஷரோட மேல வந்துடுது. தண்ணி கீழே இறங்காம அடியில தடுக்கற ஃபுட் வால்வையும் அதே ராடு முனையில ஒரு கொக்கி மாட்டித் தூண்டில் போடற மாதிரி எடுத்துடலாம். பொம்பளைங்களே பழுது பார்க்கணும்னு அமைச்சது. அப்படித்தான் பார்க்கறாங்க. முதுகுல துணியால புள்ளையைக் கட்டிக்கிட்டு நாலு பேரு ராடை உருவறாங்க. ரப்பர் வாங்க வீட்டுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் வசூல் பண்ணி நோட்டுல எழுதி வச்சிருக்காங்க.

முதல் வாரம் எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு. நான் எதுக்கு இங்க வந்தேன்னு தோணிடுச்சு.

அப்புறம் ஒரு கிராமத்துல, வாஷரைப் புதுசா மாத்தியும் காலையில அம்பது அறுபது அடி அடிச்சாத்தான் தண்ணி வருதுன்னாங்க. நீங்க பண்றாப்பல பம்புத் தலையில காதை வச்சேன். "தண்ணி வர்றதுக்கு எத்தனை அடி, வந்த பிறகு எத்தனை அடிக்கு ஒரு குடம், ரெண்டையும் தனியா எண்ணுடா"ன்னு நீங்க வாழப்பாடிப் பக்கம் வேலைக்குக் கூட்டிட்டுப் போனப்ப சொன்னது. வந்த பிறகு தண்ணி நிறைவாத்தான் வருது. அப்ப வாஷர் நல்லா இருக்கு, ராத்திரி தண்ணிதான் கீழே இறங்கிடுது. ஃபுட் வால்வைத் தூண்டில் போட்டு எடுத்தோம். சுத்தி இருக்கற ரப்பர் வளையம் ஒரு இடத்துல பல்லி கடிச்ச மாதிரி பிஞ்சிருந்துச்சு. பம்புக் கமிட்டியில மூத்த பாட்டி ஒருத்தங்க அதை வெளிச்சத்துல பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. புது வளையத்தை மாட்டி இறக்கினோம். மறுநாள் விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் வந்து நின்னாங்க. பாட்டிதான் அடிச்சாங்க. சின்னப் பிள்ளைங்க சத்தமா எண்ணுச்சு. ஏழாவது அடியில தண்ணி!

பாட்டி என் கையைப் பிடிச்சு, யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு கேட்டாங்க. "அபம்போ"ன்னேன். இவங்க பாஷையில அப்பா.

ஒரு சந்தேகம். ஆத்தோரத்து ஒரு பம்புல மணல் ஏறுது. புது வாஷர் ரெண்டு மாசம் தாங்கலைங்கறாங்க. பைப்போட அடியை ஒரு ராடு நீளம் உசத்தி வச்சாப் போதுமா, இல்லை போர்வெல்லையே கழுவணுமா? நீங்க அயோத்தியாப்பட்டணம் பள்ளிக்கூடத்துப் பம்புக்கு என்னமோ பண்ணினீங்க, எனக்கு ஞாபகம் வரலை. அடுத்த மாசம் சேலத்துல இருந்து இன்னொரு அண்ணன் வர்றாரு. அவர் கையில உங்க கைப்பட எழுதி, படம் போட்டுக் குடுத்து விடுங்க. அம்மாகிட்ட சொல்லி எழுதச் சொல்லாதீங்க.

உங்கள் அன்பு மகன்