எத்தனை பேருக்கு அரைப்பது?

யாங்கோன்
ஆடி வெள்ளி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மழைதான் விடவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி 20-ஆம் தேதி கோலாலம்பூர் வருகிறான். போனில் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாய், அதனால் அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கறி மசாலாவை ஆகக் குறைந்த அளவில் எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தாய். கல்யாணமான நாளிலிருந்து வருஷா வருஷம் கால் வீசை, அதாவது உன் கணக்கில் 400 கிராமுக்குக் கொஞ்சம் கூட, இங்கிருந்துதான் வந்தது. அதுவே மாப்பிள்ளைக்குப் போதாது என்பாய். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாவிட்டால் அவருக்கு நாளே போகாது. இப்போது ஒரு சின்ன போத்தல் போதும் என்கிறாய். சரி, கேட்டதைச் சொல்கிறேன்.

கொத்தமல்லி விதை நாலு மேசைக்கரண்டி, சீரகம் இரண்டு, சோம்பும் மிளகும் ஒவ்வொன்று. பட்டை விரல் நீளத்தில் இரண்டு, கிராம்பு பத்து, ஏலக்காய் பத்து, அன்னாசிப்பூ இரண்டு, ஜாதிபத்திரி கொஞ்சம், பிரிஞ்சி இலை ஒன்று. மிளகாயும் மஞ்சளும் இதில் வேண்டாம், அவை கறியில் தனியாகப் போகும். கிராம்பை வாங்குமுன் நகத்தால் அழுத்திப் பார், எண்ணெய் கசிய வேண்டும். பட்டையில் தடித்ததை எடு. காகிதம்போல் அடுக்கடுக்காகச் சுருண்டிருப்பது இலங்கைப் பட்டை. அதன் மணம் மெல்லியது, ஆட்டுக்கறிக்கு எடுபடாது.

எண்ணெய் விடாமல், சின்னத் தீயில், ஒவ்வொன்றாக வறு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் மல்லி சூடாவதற்குள் சீரகம் கருகிவிடும். கருகல் கசப்பு பொடி முழுக்க ஏறும். ஜாதிபத்திரியையும் இலையையும் அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டில் புரட்டினால் போதும். அப்புறம் தட்டில் பரப்பி ஆற விடு. சூட்டோடு மிக்சியில் போட்டால் ஆவி உள்ளேயே அடங்கிப் பொடி கட்டி தட்டும். நீ அவசரக்காரி, அதனால் இன்னொரு தரம் சொல்கிறேன், நன்றாக ஆறட்டும். எதையும் சூட்டோடு சூடாக முடிக்காதே. பெரியம்மா அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதை நீயும் பார்த்தவள்தானே.

அதற்காக உனக்குத் தைரியம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. நீ ஆயாவின் பேத்தி. 1964-இல் இங்கே பர்மாவில் கடைகளெல்லாம் அரசுடைமையாகி, நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திரும்பினபோது, தாத்தாவும் போனார். ஆயா போகவில்லை. காளியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரு உரல். பிரியாணிக்காரர்கள் விடிவதற்குள் வாசலில் வந்து நிற்பார்கள். நாலு பிள்ளைகளுக்கும் சோறு போட்டது இந்தப் பொடிதான். தாத்தா எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கடிதம் வந்தால் சொல்கிறேன்" என்பார். அதற்குமேல் யாரும் அவரிடம் கேட்டதில்லை. உலக்கை பிடித்த அந்தக் கை உனக்கு அப்படியே வந்திருக்கிறது.

போன மாதம் படம் அனுப்பினாயே, புது சமையல் மேடை போட்டிருக்கிறது என்று. மேடையைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்திருந்ததையும் பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு தம்ளர். நான் எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடமும் காட்டவில்லை. வேளா வேளைக்குச் சாப்பிடு.

கொஞ்சமாகச் செய்வது ஒருவகையில் நல்லதுதான். அரைத்த பொடி மூன்று மாதம் மணக்கும், அப்புறம் பேருக்குத்தான் மசாலா. கண்ணாடிப் போத்தலில் போட்டு அடுப்புச் சூடு படாத இடத்தில் வை, ஈரக் கரண்டி விடாதே. கறியை இறக்குகிறபோது தூவி உடனே மூடிவிடு. முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.

நேற்று மழையோடு தெய்ஞ்சி சந்தைக்குப் போய்ச் சாமான் எல்லாம் வாங்கிவிட்டேன். ஏலக்காய் விலையைச் சொன்னால் திட்டுவாய், அதனால் சொல்லவில்லை. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியவில்லை. வந்தால் மிக்சி, வராவிட்டால் ஆயாவின் உரல் இருக்கவே இருக்கிறது.

தம்பி புறப்படுவதற்குள் ஒன்று மட்டும் சொல்லிவிடு. ஒருவருக்கு அரைக்கட்டுமா, இருவருக்கா? எதுவானாலும் அரைத்துத் தருகிறேன். ஏன் என்று கேட்கமாட்டேன். அப்பாவிடம் சொல்ல வேண்டிய நேரம் வந்தால் நானே சொல்லிக்கொள்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். இங்கே வர நினைத்தாலும் வா, உன் கட்டில் அப்படியேதான் கிடக்கிறது.

அம்மா

ஜாதிக்காயைச் சொல்லவில்லையே. கால் காய் போதும். வறுக்காதே, துருவி, அரைத்த பொடியில் கலந்துகொள்.