புறவழிச்சாலைக்கு மண் நிரவும் முன் தாழிக்காட்டை அகழாய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
புறவழிச்சாலைக்கு நிலம் கொடுத்த புஞ்சை விவசாயிகள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: புறவழிச்சாலைக்காகக் கையகப்படுத்தப்பட்ட புஞ்சை நிலத்தில் உள்ள முதுமக்கள் தாழிகளை (இறந்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலப் பெரிய மண்பானைகளை), சாலைப் பணி தொடங்கும் முன் தொல்லியல் துறை மூலம் அகழாய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புறவழிச்சாலைக்கு எடுக்கப்பட்ட எங்கள் நிலத்தில் ஒரு பகுதி சரளை மேடு. ஊரில் அதற்குத் தாழிக்காடு என்றே பெயர். உழும்போது கொழு தட்டி நிற்கும். நல்ல மழை பெய்து மேல்மண் கரைந்தால் தாழிகளின் வாய் வட்டம் வட்டமாகத் தெரியும். மானாவாரி விதைப்புக்கு மேலாக உழுதால் போதும் என்பதால் அடியில் இருப்பது இத்தனை காலமும் தப்பியது.

அண்மையில் மண் பரிசோதனைக்காக அங்கே பொக்லைன் வைத்துப் பள்ளம் எடுத்தார்கள். பள்ளத்தின் கிழக்குச் சுவரில் ஒரு தாழி நெட்டுக்கு வெட்டுப்பட்டு நிற்கிறது. உள்ளே இறுகிய மண். அதில் கறுப்பு-சிவப்புக் கிண்ணங்கள் சில கவிழ்ந்தபடி. பக்கத்தில் துருவேறி மண்ணோடு ஒட்டிப்போன இரும்புத் துண்டு. அதற்கும் கீழே எலும்பு. தாழியின் மறுபாதி, அள்ளிப் போட்ட மண்குவியலில் ஓடுகளாகக் கிடக்கிறது. அந்தப் பாதிக்குள் என்ன, எந்த வரிசையில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. புகைப்படங்களை இணைத்துள்ளோம்.

சாலை வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. கனரக வண்டிகள் ஊருக்குள் வராமல் போனால் எங்களுக்கும் நிம்மதிதான். முதலில் அகழாய்வு, பிறகு சாலை என்பது மட்டுமே எங்கள் கோரிக்கை.

"பானை வந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறோம்" என்று பணியிடத்தில் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் அதில் பயனில்லை. தூத்துக்குடி மாவட்டத்துத் தாழிக்காடான ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ அங்கே 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பொருளைப் பார்க்கலாம். ஆனால் ஒரு தாழி எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில் இருந்தது என்பது அந்த இடத்திலேயே பதிவானால்தான் உண்டு. அதே மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல் உமியைச் சோதித்துத்தான் அதன் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 1155 என்று கணித்தார்கள். அந்தத் தாழியை யாரேனும் வெளியே எடுத்துக் கழுவி வைத்திருந்தால் உமியும் போயிருக்கும், காலமும் போயிருக்கும். எலும்பும் அப்படியே. கீழடியின் இடுகாடான கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் 2025-இல் முகங்களை வடித்துக் காட்டியது. எலும்பிலிருந்து மரபணு எடுக்க வேண்டுமென்றால் அதில் வெறுங்கை படுவதே கெடுதல். பொக்லைனின் பல் பட்டால் பேச்சே இல்லை.

எத்தனை தாழி இருக்கும் என்று கேட்கிறார்கள். தோண்டாமல் சொல்ல முடியாது. ஆனால் ஆதிச்சநல்லூரில் 2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறை ஏறத்தாழ 600 சதுர மீட்டர் பரப்பில் 160-க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. ஒன்றிரண்டு பானைதானே என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்த இடம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்படவில்லை. ஆகவே பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்ற தடை விதியும் இதற்குப் பொருந்தாது. தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, இப்படிப்பட்ட இடத்தில் மாநில அரசு அகழாய்வு செய்ய மத்திய அரசின் முன் அனுமதி தேவை. அந்தக் கோப்பு போய்வர மாதக்கணக்கில் ஆகலாம். பொக்லைனுக்கு ஒரு பகல் போதும். இந்த இடைவெளியில் தாங்கள் தலையிட்டால்தான் உண்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மண்ணில் கிடைப்பதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்கிறது. இம்மனுவையே அந்த அறிவிப்பாகவும் ஏற்கும்படி வேண்டுகிறோம்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கலாம். "தாழி வந்ததுன்னு வெளியே சொன்னா நிலம் போயிரும்" என்பது இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் எல்லாருக்கும் உள்ள பயம். பக்கத்து நிலக்காரர்களுக்கு இன்னமும் இருக்கிறது. சாலை எல்லைக்கு வெளியே தாழிகள் நீண்டால், அங்கே குழி போடும் பருவத்துக்கு விளைச்சல் இழப்பீடும், ஆய்வு முடிந்ததும் குழியை மூடி நிலத்தை ஒப்படைக்கும் உறுதியும் எழுத்தில் கிடைத்தால், மறைப்பவர்கள் தாமாகவே வந்து காட்டுவார்கள்.

எனவே, இணைப்பில் குறித்துள்ள புல எண்களில் மட்டும் மண் அள்ளுவதையும் நிரவுவதையும் உடனே நிறுத்தி வைக்கவும், வருவாய் ஆய்வாளரும் தொல்லியல் அலுவலரும் சேர்ந்து இடத்தைப் பார்வையிடவும், அதுவரை கிராம நிர்வாக அலுவலர் மூலம் இரவுக் காவல் போடவும் உத்தரவிட வேண்டுகிறோம். காவல் அவசரம். பள்ளம் எடுத்த நாளிலிருந்து தங்கம் இருக்கும் என்று கடப்பாரையோடு இருட்டில் ஆள் வருகிறது. அகழாய்வு அனுமதிக்குத் தங்கள் பரிந்துரையுடன் அரசுக்கு எழுதி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் களப்பணி முடியும்படி ஆவன செய்ய வேண்டும். மழை பிடித்தால் சரளைக் குழி தெப்பமாகிவிடும். அதுவரை சாலைப் பணியை மறுமுனையிலிருந்து தொடங்கலாம். அங்கே தாழி எதுவும் இதுவரை தென்பட்டதில்லை.

கிடைக்கும் பொருள்களை ஆய்வுக்குப் பின் இந்த மாவட்டத்திலேயே வைக்க வழி உண்டா என்பதையும் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நிலம் கொடுத்த விவசாயிகள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: புல எண் பட்டியல், புலப்பட நகல், புகைப்படங்கள்.