சாயங்கால ஓ.பி. கேட்கிறோம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சில வருடங்களாக மனச்சோர்வுக்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். டாக்டர் பொறுமையாகக் கேட்கிறார், மாத்திரை கேட்கிறது, ஒரு பைசா வாங்குவதில்லை. என் குறையெல்லாம் நேரத்தைப் பற்றித்தான்.

மனச்சோர்வு உள்ள பலருக்குக் காலைதான் மோசமான பொழுது, இது உங்கள் டாக்டர்களுக்கே தெரியும். விடியும் முன்பே முழிப்பு வந்துவிடும், ஆனால் எழ முடியாது. தலைமாட்டில் சொம்பில் தண்ணீர் இருக்கும், தாகமும் இருக்கும், கையை நீட்டி எடுப்பதுதான் மலைப்பாக இருக்கும். வீட்டில் இதற்குப் பெயர் சோம்பேறித்தனம். சாயங்காலம் பார்த்தால் நான் வேறு ஆள், சிரித்துப் பேசுவேன், அதைப் பார்த்துவிட்டு "உனக்கென்னம்மா குறை" என்பார்கள்.

அதனால் காலையில் யோசிக்கிற வேலை எதையும் வைத்துக்கொள்வதில்லை. உடுத்த வேண்டியதை ராத்திரியே எடுத்துவைத்துவிடுவேன், மாவு இருந்தால் இட்லி, இல்லையென்றால் டீயும் பன்னும், குளிக்க முடியாத அன்று முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவது. மனசு சரியாகட்டும், அப்புறம் எழுந்திருக்கலாம் என்று படுத்தால் பொழுது அப்படியே போய்விடும், முதலில் உடம்பை நகர்த்து, மனசு பின்னால் வரும் என்று கவுன்சிலிங் அக்கா சொல்லிக்கொடுத்தார். (சொன்ன அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.)

இப்படி உருட்டிக்கொண்டு போகிறவளை, வாரத்தில் ஒரு நாள், அதுவும் காலையில் மட்டும் நடக்கிற ஓ.பி.க்கு வரச் சொல்கிறீர்கள். வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. சூப்பர்வைசரிடம் என்ன காரணம் சொல்வது என்பது தனிக்கதை. வராவிட்டால் மாத்திரை தீர்ந்துவிடும். இந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே பொதுவாக இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்கிறார்கள். திடீரென்று நின்றால் தலை சுற்றுகிறது, மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது, தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது, போன நோயும் திரும்பி வரலாம்.

2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினீர்கள். நல்ல திட்டம், என் மாமியாருக்கு சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது. என் மாத்திரைக்கு மட்டும் நான் லீவு போட வேண்டியிருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விஷயத்தில் மனநோயாளிகளை உடல் நோயாளிகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. என் கண்ணுக்கு அந்தச் சமம் இன்னும் தெரியவில்லை. வாசலில் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் எனக்கும் உண்டு, வெளியே எதுவும் எழுதாத கவரில் போட்டுக் கொடுத்தால் போதும்.

டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-இல் ராப்பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற யாருக்காவது உதவும். ஆனால் போன் பேசினால் மாத்திரை கைக்கு வந்துவிடாது.

நாங்கள் கேட்பது இதுதான். மனநல ஓ.பி.யை வாரத்தில் ஒரு நாளாவது சாயங்காலம் வேலை விட்ட பிறகு நடத்துங்கள். டாக்டர் பற்றாக்குறை, உடனே முடியாது என்றால், நிலைமை சீராக இருப்பவர்களுக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க அனுமதியுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள் கையில் மொத்தமாக மாத்திரை தருவது ஆபத்து என்பது எங்களுக்கும் தெரியும், யாருக்குத் தரலாம், யாருக்குக் கூடாது என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும். இதற்குக் கட்டடம் கட்ட வேண்டாம், டெண்டர் விட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
மாதா மாதம் அந்த வரிசையில் நிற்கும் ஒருத்தி