கதவுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை

பவானிசாகர் அகதிகள் முகாமில் இருக்கும் என் சனத்துக்கும், பூத்தோட்டத்து அம்மாவுக்கும், மேஸ்திரி அண்ணனுக்கும், சென்னையில் எங்கள் காகிதக்கட்டைச் சுமந்த தங்கச்சிக்கும், இலங்கையில் முருங்கன் பக்கத்து என் ஊரவருக்கும்,

போன மாதம் காணி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தது. பிரதேச செயலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்று என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் பெயர் சரி, அப்பாவின் பெயரும் சரி. இரண்டும் பிழையில்லாமல் ஒரே தாளில் வந்தது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சோற்றைக்கூடப் போடாமல் இதை எழுத உட்கார்ந்தேன். "ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதுறன்" என்று உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தவள் நான். போய்ச் சேரவே ஆறு வருடத்துக்கு மேல் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். 1990 ஆவணியில் மன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறினோம். எனக்கு எட்டு வயது. கூலி, அம்மாவின் தோடு. தனுஷ்கோடிக்கு முன்னால் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். பிறகு மண்டபம் முகாம். (வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன சனத்தை நிறுத்திவைத்து நோய் பார்த்து அனுப்பிய இடம் அது. போகிறவருக்கும் வருகிறவருக்கும் அதே வாசல்.) அங்கிருந்து பவானிசாகர். அணைக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்து அறை. அதற்குள் வளர்ந்தேன், கலியாணம் கட்டினேன், இரண்டு பிள்ளை பெற்றேன். அப்பாவையும் வீட்டுக்காரரையும் அந்த மண்ணில் விட்டேன். 2019 மாசியில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திரும்பினேன். மகளுக்குப் பதின்மூன்று, மகனுக்கு ஒன்பது.

பூத்தோட்டத்து அம்மா, உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். விடிய மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு உங்கள் தோட்டத்தில் மல்லிகை மொட்டுப் பறிக்க இறங்குவோம். சத்தியமங்கலம் மார்க்கெட்டுக்குப் பூ போய்ச் சேருமுன் முகாமில் செக்கிங் என்று தகவல் வந்தால், பாதிக் கூடையோடு நான் ஓட வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பதிவில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். நீங்கள் ஒரு நாளும் கூலியைப் பாதியாக்கியதில்லை. "போ அம்மிணி, போயி மொகத்தக் காட்டிட்டு வா, பூ எங்கயும் ஓடிறாது" என்பீர்கள். பூ ஓடாதுதான், ஆனால் வெயில் ஏறினால் மொட்டு விரிந்து விலை போய்விடும். அது உங்களுக்குத் தெரியாதா என்ன? நாங்கள் புறப்பட்ட அன்று ஈரச்சாக்கில் சுற்றி நான்கு மல்லிகைக் குச்சி தந்தீர்கள். விமானத்தில் விடமாட்டார்கள் என்று சென்னையிலேயே ஒரு வீட்டு வாசலில் நட்டுவிட்டு வந்தேன். இதுவரை உங்களிடம் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி அண்ணா, 2016இல் என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது ஒப்பந்தக்காரர் ஆஸ்பத்திரி வாசலோடு காணாமல் போனார். எங்களைப் போன்றவர்களுக்கு வழக்குப் போடவும் தெரியாது, தைரியமும் கிடையாது. முகாமில் ஆம்பிளைகளில் பாதிப் பேர் பெயிண்டிங் வேலைதான். ஒவ்வொருவரும் ஒரு நாள் சம்பளத்தைக் கொண்டுவந்து உங்கள் சட்டைப்பையில் போட்டார்கள். அதற்குப் பிறகும் எட்டு மாதம், சனிக்கிழமை தோறும், "அவன் பங்கு" என்று சொல்லி என் கையில் காசு வைத்தீர்கள். இறந்தவனுக்கு என்ன பங்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் அழுதிருப்பீர்கள், அடுத்தது நானும்தான்.

இனிக் காகிதக்கதை. நாடு திரும்புவது என்றால் பெட்டி கட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். வெளியேறும் அனுமதிக்குக் கலெக்டர் ஆபீஸ், பிள்ளைகளுக்குச் சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகம். இந்தியாவில் பிறந்த பிள்ளை இலங்கைக் குடியாக வேண்டுமானால் அந்தப் பிறப்பை இலங்கைக் கணக்கில் பதிய வேண்டும். இவருடைய பிறப்புப் பத்திரம் எரிந்துபோன காலம் எதுவென்றே யாருக்கும் தெரியாது. எங்கள் கலியாணமும் முகாம் கோயிலில் நடந்ததோடு சரி, பதிவு இல்லை. தகப்பன் வழி அடைத்துவிட்டது. அப்போதுதான் ஓஃபர் என்று நாங்கள் சொல்லும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் வேலை செய்த தங்கச்சி, தாய் வழியிலும் பதியலாம் என்று சொன்னாள். 2003இல் சட்டத்தைத் திருத்தும்வரை இலங்கையில் தாயின் குடியுரிமை பிள்ளைக்குப் போகாது. என் மகள் பிறந்தது 2006. மூன்று வருட இடைவெளியில் தப்பினோம்.

தாய் வழி என்றால் தாய்க்குக் காகிதம் வேண்டுமே. தங்கச்சி பாயை விரித்து என் காகிதம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள். அப்பாவுக்குப் புனித சவேரியாரின் பெயர். ஊரில் அது சவிரி. மண்டபத்தில் எழுதிக்கொண்டவர் காதில் விழுந்தது சௌரி. பவானிசாகரில் அட்டை மாற்றியபோது யாரோ படித்தவர் சேவியர் ஆக்கிவிட்டார். என் பள்ளிச் சான்றிதழில் அவர் வெறும் ஓர் இனிஷியல். பென்சிலால் ஒவ்வொன்றையும் வட்டம் போட்டுவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "அக்கா, உங்கட அப்பா ஒரு ஆளா, மூண்டு ஆளா?" இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். அவளும் முகாமில் பிறந்தவள்தான். தன் சொந்தக் காகிதத்தை முடிக்காமல் எங்களுடையதை முடித்துத் தந்தாள்.

மூன்று சவேரியாரையும் ஒருவராக்கியவர் ஊர்ப் பங்குச் சுவாமி. சண்டையில் கோயில் இடிந்தபோதும் ஞானஸ்நானப் பதிவேட்டை யாரோ மடு மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். யாரென்று சுவாமிக்கும் தெரியவில்லை. அந்தப் பெயர் தெரியாத ஆளுக்கும் இந்த மடலில் ஓர் இடம். பூச்சி அரித்த அந்தப் பக்கத்தைப் படமெடுத்து சுவாமி அனுப்பினார். அதைக் கொண்டு மன்னார்க் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பிரதி எடுக்க ஆள் பிடித்ததும் அவரே. விமானச் சீட்டு ஐ.நா. அகதிகள் ஆணையம் தந்தது. நன்றி. ஆனால் சீட்டுக்கு முந்திய மூன்று வருடத்தைக் கடக்கவைத்தது அந்தப் பாயும் பென்சிலும்தான்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் முப்பது கிலோமீட்டர்கூட வராது. நாங்கள் சென்னைக்குப் பேருந்து, கட்டுநாயக்காவுக்கு விமானம், கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் என்று சுற்றி வந்தோம். 2015இல்தான் தலைமன்னார்வரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. முருங்கனில் இறங்கியபோது கிழக்கு வெளுக்கவில்லை. மேடையில் ஒரு கிழவர் லாந்தர் மாதிரி டோர்ச்சைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்தில் வெளிச்சம் நின்றது. "சவிரியின்ர பெட்டைதானே?" என்றார். காகிதம் ஏதும் கேட்கவில்லை.

புளியடிப் பெரியப்பா, உங்களுக்கு நன்றி எழுதினால் "விசரி" என்பீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் வளவு எது என்று எனக்குத் தெரியவில்லை. உடைமரமும் பற்றையுமாகக் கிடந்தது. மிதிவெடி எடுத்து முடித்த நிலம் என்று எழுத்து இருந்தாலும் முதல் நாள் நீங்கள் முன்னால் நடக்க, உங்கள் கால் பட்ட இடத்தில்தான் நாங்கள் கால் வைத்தோம். புளியமரத்தைக் காட்டி, "இதிலதான் உன்ர கொப்பன் மாடு கட்டுவான்" என்றீர்கள். அங்கிருந்து வடக்கே இருபத்தொரு எட்டு வைத்து நின்று, அலவாங்கால் குத்தினீர்கள். மண், மண், மண். நான்காவது குத்தில் சீமெந்துச் சத்தம் கேட்டது. கிணற்றுக்கட்டு.

அதை இறைக்க மூன்று நாள் பிடித்தது. சேறும் வேருமாக வந்தது. ஒரு ஷெல் துண்டு வந்தபோது வேலையை நிறுத்தி, ஆட்கள் வந்து எடுத்துப் போகும்வரை காத்திருந்தோம். கடைசியில் நசுங்கிய அலுமினியக் கேத்தல் ஒன்று. அது தன்னுடையது என்று அம்மா சத்தியம் செய்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. ஊரில் எல்லார் வீட்டிலும் அந்தக் கேத்தல்தான் இருந்தது. ஆனாலும் கழுவி, கம்பியால் கைபிடி கட்டி, இன்றுவரை அதில்தான் அவருக்குப் பிளேன்ரீ.

வயலை ஓர் உறவுக்காரர் விதைத்துக்கொண்டிருந்தார். அதை விவரிக்கப் போவதில்லை. இப்போது பேசிக்கொள்கிறோம். அந்தச் சமாதானத்தையும் செய்துவைத்தவர் பெரியப்பாதான். வரம்பில் உட்கார்ந்து, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் யாருடைய அப்பனுடையதுமில்லை என்று ஒரே பேச்சில் முடித்தார். இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்குக்கு ஒதுக்கிய 46,000 வீடுகளும் பங்கிட்டு முடிந்த பிறகு வந்தவர்கள் நாங்கள். தகரக் கொட்டிலில் இருந்தபோது கிராம அலுவலர் ஞாயிற்றுக்கிழமையென்றும் பாராமல் மோட்டார் சைக்கிளில் வந்து படிவம் நிரப்பித் தந்தார். வேறோர் அலுவலகத்தில் ஒரே கையெழுத்துக்காகப் பதினொரு தரம் அலைந்தேன். "இந்தியாவில இருந்து ஏன் வந்தனீங்கள்?" என்று அங்கே ஒருவர் கேட்டார். நன்றி மடலில் இதற்குமேல் வேண்டாம்.

ஏழாவது தெரு ரீச்சர், பிள்ளைகளை நீங்கள் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ. கடையில் "சோப்பு" என்று கேட்டு, சவர்க்காரம் என்று திருத்தப்பட்டு, அழுதுகொண்டு வந்தாள் மகள். துவாய், கதிரை, சவர்க்காரம் எல்லாம் நான் வீட்டில் பேசிய சொற்கள்தான். ஆனால் அவள் அவற்றை அம்மம்மாவின் பாஷை என்று நினைத்திருந்தாள். இங்கே சமயம் ஒரு பாடம் என்றதும் "சாமி கும்பிடறதுக்குப் பரீட்சையா?" என்று கேட்டாள். சிங்களம் ஓர் எழுத்தும் தெரியாது. நீங்கள் மாலையில் உங்கள் விறாந்தையில் உட்காரவைத்து, ஒரு சதம் வாங்காமல், இரண்டு வருடம் படிப்பித்தீர்கள். சாதாரண தரப் பரீட்சையில் இரண்டாம் மொழிச் சிங்களத்திலும் சித்தியடைந்தாள். இப்போது கச்சேரிக்கு நான் போனால் மொழிபெயர்ப்பாளர் அவள்தான்.

மூலைக்கடை நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம்). 2022 பங்குனியில் மண்ணெண்ணெய் இல்லை, மா இல்லை, பால்மா கண்ணிலும் இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து சனம் மறுபடியும் படகேறி தனுஷ்கோடியில் இறங்கத் தொடங்கிய மாதம் அது. நானும் விலை விசாரித்தேன். இதை இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை. அன்று கடையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு நானா கொப்பியைத் திறந்து, என் பெயருக்கு ஒரு முழுப்பக்கத்தை ஒதுக்கினார். "எழுதிட்டுப் போ புள்ள. நானும் இருபது வருசம் கழிச்சு வந்து வளவத் தேடினவன்தான்" என்றார். நாங்கள் கடல் தாண்டிய அதே 1990இல், ஐப்பசியில், வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போனவர் அவர். அவர் வீட்டாருக்கு நடந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அன்று வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தப் பக்கத்தை நான் அடைத்துமுடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. ஒரு தரமும் கேட்கவில்லை.

அந்த வருடம் மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாடு அனுப்பிய முதல் கப்பலில் 9,000 டன் அரிசியும் 200 டன் பால்மாவும் வந்தன. எங்கள் பங்கை விதானையார், அதுதான் கிராம அலுவலர், அளந்து தந்தார். அம்மா சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளி மூக்கில் வைத்தார். "இது எங்க ஊர் ரேஷன் அரிசியடி" என்றார். எங்க ஊர் என்றால் அவருக்குப் பவானிசாகர். திரும்பி வர விரும்பாதவர் அவர் ஒருத்தர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போதும் வியாழக்கிழமை வந்தால் "இண்டைக்குப் புளியம்பட்டிச் சந்தை" என்று பெருமூச்சு விடுவார். இங்கே யார் என்ன செய்து தந்தாலும் "நல்லாருக்குங்க" என்று கொங்குத் தமிழில்தான் நன்றி. ஊர்ச் சனம் சிரிக்கிறது. அவர் திருந்துவதாயில்லை.

மேஸ்திரி அண்ணா, மறுபடி உங்களிடமே வருகிறேன். இவருடைய நான்கு அங்குலத் தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவி, காகிதத்தில் சுற்றி, துணிப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். வீடு கட்டியாயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. முன்கதவு மட்டும் வெறும் மரமாக நிற்கிறது. மகன் அடிக்கிறேன் என்றான், நான் விடவில்லை. "ஊர்ல வீடு கட்டுனா மொதக் கதவு என் கையாலதான்" என்று இவரிடம் நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. பாஸ்போர்ட்டுக்கு இன்றைக்கே எழுதிப் போடுங்கள். வரும்போது பூத்தோட்டத்து அம்மாவிடம் குச்சி ஏதும் கேட்காதீர்கள், கப்பலிலும் விடமாட்டார்கள். நீங்கள் மட்டும் வாருங்கள்.