அக்காவைக் கேட்டுக் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

கடந்த பாடசாலை விடுமுறையில் என் அக்காவையும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கொழும்புக்கு வெளியே உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். அக்கா சக்கர நாற்காலியில் இருப்பவர். அன்று கைகொடுத்தவர்களில் பலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. சிலருக்கு நின்று நன்றி சொல்லவும் முடியவில்லை. எல்லோருக்குமாக இந்த மடல்.

அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993 இல். 2014 இல் உலக சுகாதார நிறுவனம் நமது தென்கிழக்காசியப் பிராந்தியத்தையே போலியோ இல்லாத பிராந்தியமாக அறிவித்தது. ஆகவே இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நோயைத் தெரியாது. அதற்கு முன் அகப்பட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அக்கா காலில் இரும்புச் சட்டம் பூட்டி, ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் போய்க் கணிதம் படிப்பித்தவர். பல பத்தாண்டுகள் இரட்டை வேலை செய்த நரம்புகள் களைத்துப்போய், நன்றாக இருந்த தசைகளும் பலம் குறைய, இப்போது நாற்காலி. ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: போலியோ தசையை இயக்கும் நரம்புகளைத்தான் தாக்கும். தொடுகையும் வலியும் அப்படியே இருக்கும். அவசரத்தில் யாராவது காலைப் பிடித்து இழுத்தால் அக்காவுக்கு உயிர் போகும்.

வெளியே போனால் வழக்கமாக ஆட்கள் நாற்காலியைத் தள்ளும் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்கள். “அவவுக்குச் சாப்பிட என்ன வேணும்? அவ இதிலை ஏறுவாவா?” அக்கா அங்கேயே இருப்பார். அன்று நாங்கள் சந்தித்தவர்கள் அக்காவையே கேட்டார்கள், அவர் சொன்னபடியே செய்தார்கள். என்னை இதை எழுத வைத்தது அதுதான்.

முதலில் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் தச்சுவேலை செய்யும் பாஸுக்கு நன்றி. எங்கள் மாடிக் கட்டடத்து வாசலில் இருப்பது ஒரே ஒரு படி, 15 சென்ரிமீற்றர். அந்த ஒரு படிக்காகவே எத்தனையோ பயணங்கள் நின்றுபோயிருக்கின்றன. வானுக்குள் வைக்க வசதியாக ஒரு மீற்றர் பலகை போதும் என்றார் பாஸ். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் சாய்வின் கணக்கு என்று அக்கா விளக்கினார். 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 180 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும், அதைவிடக் குறுகினால் தள்ளுகிறவருக்கும் கஷ்டம், நாற்காலி பின்னால் சரியவும் கூடும். பாஸ் ஒரு பேச்சும் பேசவில்லை. பிணைச்சல் போட்டு இரண்டாக மடிக்கும் பலகை செய்து, சக்கரம் வழுக்காமல் இறப்பர் ஒட்டி, ஓரங்களில் இரண்டு விரல் உயரத்துக்குச் சட்டமும் அடித்துத் தந்தார். மரத்துக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

முதல் நாள் இரவே ஓர் ஆசனத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்த வான் சாரதி அண்ணனுக்கு நன்றி. படிகள் இல்லாத பாதை எது என்று ரிக்கெற்றின் பின்பக்கத்தில் கோடு கீறிக் காட்டிய தங்கச்சிக்கும் நன்றி.

ராட்டினத்தை இயக்கிய தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அக்கா முதலில் ஆசைப்பட்டது வேகமாகச் சுழலும் விளையாட்டில் ஏற. அந்தத் தம்பி அக்காவின் முன்னால் குந்தியிருந்து, அவருடைய கண்மட்டத்துக்கு வந்து, சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். சாய்மானம் இல்லாமல் நிமிர்ந்து இருக்க முடியுமா? இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடிக்க முடியுமா? இடையில் மின்சாரம் நின்றால் ஏணியால் இறங்க முடியுமா? நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். “நீ பொறு, அவர் என்னைத்தானே கேக்கிறார்” என்றார் அக்கா. முதுகுத் தசை பலமில்லை, ஏணியால் இறங்கவே முடியாது என்று தானே சொன்னார். சுழலும்போது உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும், இடுப்புக் கம்பி இடுப்பை மட்டுந்தான் பிடிக்கும், மேல் உடம்பை அவரவர் முதுகுதான் தாங்க வேண்டும், அதனால் இதில் ஏற்ற மாட்டேன் என்றார் அந்தத் தம்பி. காரணத்தோடு சொன்ன அந்த மறுப்பில் அக்காவுக்குத் துளியும் மனவருத்தம் இல்லை. “உங்களுக்குச் சரிவராது” என்று காரணம் சொல்லாமல் கையை விரிப்பவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

பிறகு மெதுவாகச் சுற்றும் பெரிய ராட்டினத்துக்கு அவரே கூட்டிப்போனார். அது நின்றாலும் கையால் சுற்றி இறக்கலாம் என்று காட்டிய பிறகே ஏறச் சொன்னார். சக்கரத்தை முற்றாக நிறுத்தினார். எதிர்ப்பக்கப் பெட்டிகளில் ஆட்களை ஏற்றி எடையைச் சமன் செய்தார். நாற்காலியைப் பெட்டிக்குச் சரிவாக ஒட்டி நிறுத்தி, பிறேக் பூட்டி, கால்மிதியை விலக்கினோம். “கக்கத்துக்குள் கைவைத்துத் தூக்க வேண்டாம், தோள் தாங்காது, இடுப்புப் பட்டியைப் பிடியுங்கள்” என்றார் அக்கா. அந்தத் தம்பி பிடித்தபடியே, எண்ணுவதை அக்காவிடம் விட்டுவிட்டார். அக்கா மூன்று என்று சொன்ன பிறகுதான் அவருடைய கை அசைந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர்களுக்கும் நன்றி. உச்சியில் பெட்டி நின்றபோது அக்கா பிள்ளைகளோடு சேர்ந்து கூவிய கூவலைக் கீழே நின்ற நான் கேட்டேன். அக்கா அப்படிக் கூவி எந்தக் காலம்!

சல்லி கொட்டிய பாதையில் நாற்காலியின் முன் சின்னச் சக்கரங்கள் புதைந்து நின்றபோது ஓடிவந்த பொடியன்மாருக்கும் நன்றி. வந்த வேகத்தில் தூக்கிவிடாமல், “அக்கே, எப்படிப் பிடிக்கிறது?” என்று கேட்டார்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரங்கள் எடையைத் தாங்கும்படி சாய்த்து இழுக்கச் சொன்னார் அக்கா. தலைவன் மாதிரி இருந்த ஒருவர் அதை மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்லிச் சொல்லி இழுப்பித்தார்.

எழுதத் தயங்கினாலும் எழுதியே ஆக வேண்டிய இன்னொன்று, கழிப்பறை. பெரியவர்கள் பலர் வெளியே வராமல் இருப்பதற்கு இதுதான் காரணம். வெளிக்கிடும் நாளில் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அக்காவின் நாற்காலி 65 சென்ரிமீற்றர் அகலம். கழிப்பறைக் கதவுக்குள் அது போகவில்லை. கதவோரத்தில் நாற்காலியை விட்டு உள்ளே மாறலாம், ஆனால் கதவைச் சாத்த முடியாது. நாங்கள் தடுமாறுவதைக் கண்ட ஒரு முஸ்லிம் தாய் அக்காவிடம் வந்து, “நான் மறைச்சிப் பிடிக்கட்டா?” என்று கேட்டார். தன் கைப்பையிலிருந்த தொழுகைத் துணியை விரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, கை நோக நோகப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளை வாசலில் காவலுக்கும் வைத்தார். உங்கள் பெயரைக் கேட்டபோது சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். எங்கள் வீட்டில் உங்களைப் பற்றிப் பேசாத நாள் குறைவு.

விடயத்தைச் சொன்னதும் அளவுநாடாவோடு வந்த மேற்பார்வையாளருக்கும் நன்றி. தள்ளுகிற கைக்கும் இடம் வேண்டும், கதவின் திறப்பு 80 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும் என்று அக்கா சொன்னதை எழுதிக்கொண்டார்.

இந்த இடத்தில் நாங்கள் சந்தித்திராத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மறைந்த அஜித் பெரேரா கிரிக்கெற் நடுவராக இருந்தவர். 1992 இல் அவருடைய காரின்மேல் மரம் விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006 இலேயே வந்தும் நடைமுறைக்கு வராமல் கிடக்க, உயர் நீதிமன்றம் போனவர் அவர். புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்களில், கழிப்பறை உட்பட, அணுகுவசதி இருக்க வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. சாய்தளம் உள்ள ஒவ்வொரு புதுக் கட்டடத்திலும் அக்கா அவர் பெயரைச் சொல்வார்.

திரும்பும் வழியில் காலிமுகத்திடலில் இறங்கினோம். அந்த நடைபாதையை 1859 இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார். கடற்கரையோரம் மட்டமாக இருந்த இடத்தில் அக்கா ஒருவர் கையும் இல்லாமல் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். இறால் வடை விற்ற ஐயா தட்டை என்னிடம் நீட்டாமல், “அக்கா, உறைப்புக் கூடவா குறையவா?” என்று அவரையே கேட்டார். கூட என்றார் அக்கா.

ராட்டினத் தம்பியும் பொடியன்மாரும் அக்காவோடு நிற்கிற படம் எங்களிடம் இருக்கிறது. உங்கள் அனுமதி கேட்காததால் இங்கே போடவில்லை. இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு செய்தி அனுப்புங்கள், ஆளுக்கொரு பிரதி அனுப்பி வைக்கிறோம். அடுத்த விடுமுறைக்குத் தாமரைக் கோபுரம் போவதென்று அக்கா முடிவெடுத்துவிட்டார். வான் அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார்.

நன்றியுடன்,
அக்காவும் தங்கையும்
வெள்ளவத்தை